பூசாத சுவர் முடியாத சுவர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைவானின் தைதோங் நகரிலுள்ள கோங்தோங் தொழிற்பள்ளி ஆலயத்துக்குத் உங்கள் இதழ் இரண்டு பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சி. ஆனால் “நிதி போதாமல் பூச்சு வேலை நின்றுபோன கட்டடம், இனியாவது பூசி வெள்ளையடிக்கலாம்” என்ற வரியைத் தாண்டி என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. கான்கிரீட் வேலையிலேயே இருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அங்கே எதுவும் நின்றுபோகவில்லை. சுவிட்சர்லாந்தின் பெத்லகேம் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த அருட்தந்தை யாகோப் ஹில்பர் 1960-ல் நிறுவிய பள்ளி அது. கட்டடத்தை வடிவமைத்தவர் அதே நாட்டின் யூஸ்டஸ் டாஹிண்டன். மாணவர் விடுதிக்கு மேலே, உச்சி மாடியில் ஆலயம். கான்கிரீட்டை அப்படியே தெரியவிட்டதுதான் அந்தக் கட்டடத்தின் முகம்.

பூச்சு வேலை உண்டென்றால் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகை வேலையின் பிழைகளைச் சாந்து மறைத்துவிடும். இங்கே மறைக்க இடமில்லை. பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகினால் அந்தக் கோட்டில் ஜல்லி மட்டும் நின்று தேன்கூடு போல ஓட்டை விழும். பலகையில் தடவும் எண்ணெய் கூடினால் கறை. குறைந்தால் பலகையைக் கழற்றும்போது மேல்தோல் பிய்ந்து வரும். கட்டுக்கம்பி முனையை உள்பக்கம் மடக்காவிட்டால் சில மழையிலேயே துருப்புள்ளி தெரியும். ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த ஜாயிண்ட் கோடு கடைசிவரை மறையாது. மரவேலைக்குப் பேர்போன பள்ளியில், பலகை அடித்தவரின் கை சுத்தத்தையே சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் போய் ஏழ்மை என்று எழுதிவிட்டீர்கள்.

பூசி வெள்ளையடிக்கும் யோசனை அதைவிட ஆபத்து. தைதோங் பசிபிக் கரையில் இருக்கிறது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கம்பியை மூடிய கான்கிரீட் வெடித்து உதிரும். இந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் காலத்தில் பிடிக்க முடியும். மேலே சாந்து பூசினால் கம்பி உள்ளே கரைவது தெரியவே தெரியாது. சரியான முறை வேறு. உதிர்ந்த இடத்தைக் கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. வரை கொத்தி, துருவைப் பளபளப்பாகும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பழைய சுவரின் மணலுக்கு நிறம் ஒத்த பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். நிறத்தை முதலில் மறைவான மூலையில் போட்டு, காயவிட்டுப் பார்த்த பிறகே முகப்பில் கை வைக்க வேண்டும். ஈரக் கலவையின் நிறத்தை நம்பி ஏமாந்த சுவர்களை நம்மூரிலேயே நிறையக் காணலாம்.

பிரான்சில் லெ கொர்புசியே வடிவமைத்த ரோன்ஷாம்ப் ஆலயத்தின் நகல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1955-ல் முடிந்த அந்த ஆலயத்தில் சுவர் வெள்ளை; கூரைதான் வெறும் கான்கிரீட். படத்தைப் பார்த்தாலே தெரியும்.

இது முதல்முறையும் இல்லை. புதுச்சேரி கோல்கொண்ட் விடுதியைப் பற்றி எழுதியபோது அதை வடிவமைத்த ஆன்டனின் ரேமண்டின் பெயரை விட்டுவிட்டீர்கள். வீட்டுக்குறிப்புப் பகுதியில் வெடித்த கூரைக்கு வெறும் சிமென்ட் பூச்சைச் சிபாரிசு செய்தீர்கள். அப்போதெல்லாம் பேசாமல் இருந்தேன். கோயிலைப் பற்றி எழுதினால் தூண் கணக்குவரை சரிபார்க்கும் நீங்கள், கான்கிரீட் என்றால் மட்டும் ஏன் கைக்கு வந்ததை எழுதுகிறீர்கள்? தைதோங் ஆலயத்தில் பலிபீடத்தின் மேல் திறப்பிலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. இயேசு சிலுவை சுமந்த காட்சிகளான சிலுவைப்பாதை வண்ணக் கண்ணாடிகளில் இருக்கிறது. நீங்கள் போட்டது வெளிமுகப்புப் படம் ஒன்றே ஒன்று.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பூசச் சொன்ன யோசனையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி, டாஹிண்டனின் பெயரோடு இன்னொரு வரி. இடமிருந்தால் உட்புறப் படம் ஒன்றும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாகர்கோவில்