வந்த ஆளை ஏன் விடுகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோவைத் தொழிற்கூடங்களில் ஆள் பற்றாக்குறை குறித்து உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பம்ப், மோட்டார், வால்வு, உதிரிபாகம் என்று எந்த முதலாளியைக் கேட்டாலும் 'ஆர்டர் இருக்கு, ஆள் இல்லை' என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் இங்கே ஒரு பாலிடெக்னிக்கில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். கம்பெனிக்காரர்களும் என்னிடம் பேசுகிறார்கள், படித்து முடித்துப் போன பிள்ளைகளும் பேசுகிறார்கள். ஆள் குறைவு என்பது பாதிதான் உண்மை. வாசல் வரை வந்த நல்ல ஆளைக் கம்பெனிகளே கைநழுவ விடுவது மீதிப் பாதி.

எங்கள் பழைய மாணவர் ஒருவர், வி.எம்.சி. மெஷினில், அதாவது புரோகிராம் போட்டு உலோகத்தைக் கடையும் கம்ப்யூட்டர் மெஷினில், நல்ல அனுபவம் உள்ளவர். டிராயிங்கைப் பார்த்துத் தானே புரோகிராம் போட்டு, செட்டிங்கும் செய்துவிடுவார். ஒரு கம்பெனியில் காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். போனால், மேனேஜர் ஆடிட்டில் இருக்கிறார் என்று ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு நேரமும் தாண்டிய பிறகு, "தம்பி, சனிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமையும் போனார். ஜாப் ஏற்றி டிரையல் காட்டினார், முதல் பீஸே அளவுக்குள் வந்தது. சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லி அனுப்பறோம் தம்பி" என்றார். அவ்வளவுதான். முதலாளி வெளியூரில், எச்.ஆர். லீவில், சம்பளத்துக்கு யார் சரி சொல்வது என்று தெரியாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது. அப்புறம் போன் செய்தபோது அவர் ஓசூரில் வேலையில் சேர்ந்திருந்தார். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லைங்க மேடம்" என்று அந்தக் கம்பெனிக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

கைத்திறன் உள்ளவர் பெரும்பாலும் ஏற்கெனவே எங்கோ வேலையில் இருப்பார். அவர் நேர்காணலுக்கு வருவதென்றால் லீவு போட வேண்டும், அன்றைய ஓ.டி.யும் போய்விடும். ஒரு தடவை வருவார், இரண்டாம் தடவையும் வருவார். மூன்றாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டால், 'இங்கே சேர்ந்த பிறகும் இப்படித்தான் இழுத்தடிப்பார்களோ' என்று யோசிக்கத்தானே செய்வார்? அவரை எடுத்துக்கொள்ள வேறு இடங்களும் தயாராக இருக்கின்றன. அதனால் முடிவைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட முதலில் கழன்றுகொள்பவர் திறமைசாலிதான். கடைசிவரை காத்திருப்பவர்களில் வேறு வழியில்லாதவர்கள் நிறையப் பேர். தாமதமே ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது, அதுவும் தவறான பக்கத்திலிருந்து.

அடுத்தது சம்பளம். இதில்தான் நம்பிக்கை அதிகமாக உடைகிறது. 'மாதம் 25,000' என்று வாயால் சொல்வார்கள். ஆஃபர் லெட்டரில் பார்த்தால் அது சி.டி.சி., அதாவது அவருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், பி.எஃப்.புக்கு நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அந்த 25,000-க்குள்ளேயே அடங்கிவிடும். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, எழுநூறு சொச்சம். தொழிலாளியின் பங்காக இன்னொரு 1,800. எல்லாம் போகக் கைக்கு வருவது 20,700-ஐ ஒட்டித்தான் இருக்கும். பி.எஃப். அவருடைய சேமிப்புதான், தப்பே இல்லை. ஆனால் வாடகையும் பைக் டியூவும் கணக்குப் போட்டு வந்தவருக்கு அந்த நாலாயிரம் பெரிய தொகை. முதல் நாளே கையில் எவ்வளவு வரும் என்று சொல்லியிருந்தால் அவர் பேரம் பேசியிருப்பார், அல்லது சேர்ந்தே இருப்பார். கடைசியில் தெரியவந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். இதோடு ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை ஒப்படைக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. அதைக் கேட்டதுமே எழுந்து வந்துவிடு என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. குவாலிட்டி, டிசைன் பிரிவுகளுக்குப் போகும் எங்கள் மாணவிகளிடம் மைக்ரோமீட்டர் பற்றிக் கேட்பதற்கு முன்பே 'கல்யாணம் எப்போம்மா?' என்று கேட்கிறார்கள். ஜி.டி. அண்ட் டி., அதாவது ஒரு பாகத்தின் வடிவமும் அளவும் எவ்வளவு விலகலாம் என்று டிராயிங்கில் குறிக்கும் முறை, நன்றாகத் தெரிந்த ஒரு பெண், அந்தக் கேள்விக்குப் பிறகு ஆஃபர் வந்தும் அங்கே போகவில்லை. சரியான முடிவு.

ஐ.டி. கம்பெனிகளில் வேறு மாதிரி. 90 நாள் நோட்டீஸ் பீரியட் வைத்திருக்கும் இடங்கள் பல; வேலையை விடுகிறேன் என்று சொன்ன பிறகும் அத்தனை நாள் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். புது இடத்துக்காரர்கள் ஆஃபரைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் ஒரு போன்கூடச் செய்யாமல் இருந்துவிட்டு, சேர வேண்டிய நாளில் ஆள் வரவில்லை என்று புலம்புகிறார்கள். அந்த மூன்று மாதத்தில் அவர் சும்மா இருப்பாரா?

சரி, நடக்கவே நடக்காதா என்றால், நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன யூனிட்டில் முப்பது பேர்கூட இல்லை. டிரையல் முடிந்த அன்று மாலையே முதலாளியம்மா உட்கார்ந்து பேசிவிடுவார். பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, ஷிஃப்ட் எப்படி, ஓ.டி. கணக்கு என்ன என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எடுக்கவில்லை என்றாலும் போன் செய்து சொல்லிவிடுவார். பெரிய கம்பெனி அளவுக்கு அவரால் சம்பளம் தர முடியாது. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் அங்கே விரும்பிப் போகிறார்கள், அவர் எடுக்காத பிள்ளைகள்கூடத் தங்கள் நண்பர்களை அங்கே அனுப்புகிறார்கள்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பழைய சம்பளம் எவ்வளவு என்று வேலை கேட்டு வருபவரிடம் கேட்கக் கூடாது என்ற சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்பது 2023 முதல் அங்கே கட்டாயம். நம் ஊரில் சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் 'சம்பளம் தகுதிக்கேற்ப' என்ற வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. விளம்பரம் வாங்கும்போதே, 'இத்தனையிலிருந்து இத்தனை வரை' என்று ஒரு தொகையை உங்கள் பிரிவு கேட்டு வாங்கிப் போடலாம். தர மறுப்பவர்களும் இருப்பார்கள். தருகிறவர்களின் விளம்பரத்தை மேலே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.