கையால் அடித்த கோடாலியையே வாங்கு, தாயி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஸ்வீடனில், உங்கள் உமியோவில் குளிர் இறங்கிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். புது வீட்டில் விறகடுப்பு இருக்கிறது, பிர்ச் கட்டை ஒரு வண்டி இறக்கியாயிற்று, எந்தக் கோடாலி வாங்குவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது, அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய இரண்டு படங்களில் விலை கூடியதையே வாங்கு. அந்தக் கையால் அடித்ததை.

நீங்கள் இப்போது வைத்திருக்கிற சல்லிசான கோடாலி கட்டையில் மாட்டிக்கொள்கிறது, தலை ஆடுகிறது என்கிறாய். தாத்தாவின் விறகுக்கடையில் வளர்ந்தவன் நான். புளியங்கட்டையும் கருவேலங்கட்டையும் பிளக்கிறவர்கள் கூலி வாங்கியது எடைக்கு. மழுங்கின கோடாலி அவர்கள் வயிற்றில் அடிக்கும். அதனால் எதை மிச்சம் பிடித்தாலும் கோடாலியில் பிடிக்கமாட்டார்கள். கடையில் தொங்குகிற வார்ப்புத் தலையை ஏறெடுத்தும் பார்க்காமல், கொல்லாசாரியிடம் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து அடித்து வாங்குவார்கள்.

அந்தப் பட்டறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அடிப்பதை எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான், தோய்ச்சல் போடும்போது. சிவக்கக் காய்ந்த தலையை எடுத்து, வாய்ப்பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை தண்ணீரில் முக்குவார். முக்கின இடம் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அப்படியே விட்டால் முதல் முடிச்சிலேயே தெறித்துவிடும். அதனால் உடனே வெளியே எடுத்து, வாயை ஒரு கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, நிழலில் பிடித்துக்கொண்டு பார்ப்பார். பின்னால் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாயை நோக்கி வரும். முதலில் வைக்கோல் நிறம், அடுத்து பழுப்பு, அதற்குப் பிறகு ஊதா. ஏறக்குறைய 220 டிகிரியில் வைக்கோல் நிறம் தொடங்கி, 300 நெருங்கும்போது நீலமாகிவிடுமாம். அவரிடம் வெப்பமானி எதுவும் கிடையாது, கண்தான். பழுப்பு தாண்டி ஊதா எட்டிப் பார்க்கிற நொடியில் மறுபடி தண்ணீர். அந்த நொடி தவறினால் வாய் மடங்கும், முந்தினால் உடையும். வாய் இறுகியும் மண்டை இளகியும் இருக்கிற கோடாலி இப்படித்தான் கிடைக்கிறது.

உங்கள் நாட்டுக்காரர்களும் இதில் சாமானியர்கள் இல்லை. நீ சொன்ன பிறகு தேடிப் படித்தேன். ஹல்ட்ஸ் ப்ரூக் பட்டறை 1697-இல் தொடங்கியதாம். நீ படம் அனுப்பிய கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறை ஹெல்சிங்லாந்து மாகாணத்தில் இருக்கிறது, 1902 முதல் கோடாலி செய்கிறார்கள். அங்கே அடிப்பது இயந்திரச் சுத்தியல்தான். ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பது ஆளின் கை. எந்தப் பக்கம் இன்னொரு அடி வேண்டும் என்று முடிவு செய்வது அவர் கண். எனக்கு அதுவே போதும், கைவேலைதான். சுத்தியல் தடங்களை மெருகு போட்டோ பெயின்ட் அடித்தோ அவர்கள் மறைப்பதில்லை. அடித்தவரின் பெயரெழுத்து தலையில் குத்தியிருக்கும், 20 வருட உத்தரவாதமும் உண்டு. செய்தவர் தன் பெயரைப் பதித்து விற்கிற பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு எனக்கு உறுத்தாது.

ஒன்று கவனி. அதே கடையில் மரம் வெட்டுகிற கோடாலியும் இருக்கும், விறகு பிளக்கிற கோடாலியும் இருக்கும். வெட்டுவதற்கு வாய் மெலிதாக, கன்னம் ஒட்டினாற்போல் இருக்கும். அதை வைத்துப் பிளக்கப் போனால் கட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உனக்கு வேண்டியது கன்னம் புடைத்தது. வாய் உள்ளே இறங்கியதும் அந்தப் புடைப்பு இரண்டு பக்கமும் தள்ளி கட்டையைத் திறந்துவிடும். உன் உயரத்துக்குச் சிறியதை எடு, அடுப்புக்கு விறகு பிளக்க அது தாராளம்.

வாங்குமுன் காம்பின் அடிமுனையைப் பார். மரத்தின் வரி கோடாலியின் வாய் பார்க்கிற திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒரு நாள் முறியும். இங்கே நாட்டுக்கருவேலத்தில் போடுவோம், அங்கே ஹிக்கரி. இரண்டும் அதிர்ச்சி தாங்குகிற மரம். தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடாதே. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். ஆளிவிதை எண்ணெய் தடவு.

மெஷின் சாணை வேண்டவே வேண்டாம். வாய் நீலம் பாய்ந்தால் அந்த ஆசாரி போட்ட பதம் அங்கேயே போயிற்று. அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு கல், அவ்வளவுதான்.

கடுங்குளிரில் ஒரு விஷயம். மைனஸ் இருபதில் இரும்பு முறுகிவிடும், வாய் சில்லு தெறிக்கும். வெளியிலேயே போட்டு வைத்த கோடாலியை எடுத்து நேராக வீசாமல், சற்று நேரம் வீட்டுக்குள் வைத்துக் குளிர் போக்கிக்கொள். கட்டைக்கு மட்டும் அந்தக் குளிர் நல்லது. உறைந்த பிர்ச் சட்டென்று விரியும் என்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்க ஆசை. முழங்கால் உயரத்தில் ஒரு அடிமுட்டு போட்டு, காலை அகட்டி நின்று, முனையில் இயற்கையாகவே விழுந்திருக்கிற வெடிப்பைப் பார்த்து அதன்மேல் இறக்கு. பலத்தால் அடிக்காதே, தலையின் எடை தானே இறங்கட்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதே. மாப்பிள்ளையும் பூட்ஸ் போடாமல் எடுக்க வேண்டாம் என்று அப்பா சொன்னதாகச் சொல்.

வாங்கியதும் படம் அனுப்பு. முன்பக்கம் அழகாக எடுத்து அனுப்பினால் போதாது. காம்பின் அடிமுனையும், தலைக்கு மேலே ஆப்பு அடித்திருக்கிற இடமும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் வைத்து எடு. ஆப்பு சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பிளக்க ஆரம்பிக்காதே.

அன்புடன்,
அப்பா