டப்பாவைப் பிறகு பார்ப்போம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலால் பதில் போடாமல் இருக்கவில்லை. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, திரைப்பக்கமே திரும்பக் கூடாது என்று வீட்டில் காவல் போட்டுவிட்டார்கள். இப்போது இரண்டு கண்ணும் பளிச்சென்று இருக்கின்றன. அலமாரி மேல் இத்தனை தூசி இருந்தது இப்போதுதான் தெரிகிறது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். என்ன வேலை என்று இரண்டு தரம் விளக்கினாள், எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் உன் சேதிக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. இருபது வருடம் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் கொள்முதல் பார்த்தவன், இப்போது லைசென்ஸ் வாங்கிய கஞ்சா கம்பெனிக்குக் கொள்முதல் தலைவன்! நம் ஹாஸ்டல் வார்டன் கேட்டால் மயங்கி விழுவார். அம்மாவிடம் "மூலிகை வியாபாரம்" என்று சொல்லி வைத்திருக்கிறாயாமே. அதில் பொய் ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுச்சூழலைக் கெடுக்காத விநியோகச் சங்கிலி வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார், மட்கும் டப்பாவுக்கும் மின்சார வேனுக்கும் மறுசுழற்சி அட்டைக்கும் கொட்டேஷன் வாங்கியாயிற்று, எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். மூன்றையும் அப்படியே மேசை இழுப்பில் போடு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எடுக்கலாம்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு கணக்கு எடுத்தார்கள். மூடிய கட்டடத்துக்குள் கஞ்சா வளர்த்தால், விற்பனைக்குப் போகும் காய்ந்த பூ ஒரு கிலோவுக்கு இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயு வெளியாகிறது. இதைக் கடையில் விற்கும் 3.5 கிராம் டப்பாவுக்குப் பிரித்துப் பார். டப்பாவுக்குள் இருக்கும் பூவுக்கு மட்டும் 8 முதல் 18 கிலோ. டப்பா 25 கிராம் பிளாஸ்டிக் என்று வைத்துக்கொண்டால், அதைச் செய்யும்போது வெளியான வாயு 100 கிராம் பக்கத்தில்தான் இருக்கும். நீ 100 கிராமுக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறாய். மீதி அத்தனையும் கட்டடத்துக்குள் இருக்கிறது.

அந்த மாதிரிக் கட்டடத்தில் நானும் ஆறு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். ஜன்னல் இல்லாத கிடங்கில் ஆயிரம் வாட் சோடியம் விளக்குகளை வரிசையாகத் தொங்கவிடுவோம். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. ஓடும். செடிக்கு ஊற்றிய தண்ணீரில் பெரும்பகுதியை இலை ஆவியாக விட்டுவிடும். காற்றில் ஈரம் ஏறினால் பூவில் பூஞ்சை பிடிக்கும் என்று ஈரம் உறிஞ்சும் எந்திரம் இன்னொரு பக்கம் ஓடும். சில கட்டடங்களில் ஈரத்தை எடுக்கக் காற்றைக் குளிர்வித்து, பிறகு அதையே திரும்பச் சூடாக்குவார்கள். ஒரே நேரத்தில் ஹீட்டரும் ஏ.சி.யும்! அந்த ஆய்விலும் பெரிய பங்கு காற்றையும் வெப்பத்தையும் ஈரத்தையும் சரிக்கட்டும் எந்திரங்களுக்குத்தான். விளக்கும், செடி வேகமாக வளர உருளையில் வாங்கி ஊட்டும் கார்பன் டை ஆக்சைடும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. கரியமில வாயுவைக் காசு கொடுத்து வாங்கி லாரியில் கொண்டுவரும் தொழில் இது. டென்வரில் 2020-ல் ஒரு பீர் ஆலையில் நொதிக்கும்போது வீணாகும் வாயுவைப் பிடித்துக் கஞ்சாக் கூடத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஆலை எதுவும் உண்டா என்று விசாரி.

வெயிலில் சும்மா வளரும் செடியை ஏன் இப்படி அடைத்துவைக்கிறார்கள் என்று கேட்பாய். பாதிக்குக் காரணம் சட்டம். அமெரிக்காவில் மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் சரக்கு மாநில எல்லையைத் தாண்ட முடியாது. வெயில் கொட்டும் கலிபோர்னியாவில் விளைந்ததைப் பனி கொட்டும் மாநிலத்துக்கு அனுப்ப வழியில்லை, ஆகவே பனிக்குள்ளேயே செயற்கைச் சூரியன். கொலராடோவில் தொடக்கத்தில், விற்கும் சரக்கில் பெரும்பகுதியைக் கடைக்காரரே வளர்க்க வேண்டும் என்று விதி இருந்தது. எல்லோரும் நகரத்துக் கிடங்குகளில் போய் உட்கார்ந்தார்கள். பக்கத்திலேயே விளைந்தது என்றால் பசுமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா, இங்கே அது தலைகீழ். லாரியில் ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் போக சுமார் 100 கிராம் வாயு என்று வைத்துக்கொள். ஒரு கிலோ பூ ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் அதே 100 கிராம்தான். காவலோடு பாதி காலியாக ஓடும் வேன் என்று பத்து மடங்கு போட்டாலும் ஒரு கிலோ. இதற்கா மின்சார வேன்?

அதனால் முதலாளியிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: கட்டடம் முடிவாகிவிட்டதா? உங்கள் லைசென்ஸ் திறந்தவெளியையோ பசுமைக்குடிலையோ அனுமதித்தால் அங்கே போகச் சொல். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால் சரக்கைப் பிரிக்கலாம். எண்ணெய் எடுக்கப் போகும் பூவின் அழகை யார் பார்க்கப் போகிறார்கள்? அதை வெயிலில் விளைந்ததாக வாங்கு. முழுப் பூவாக விற்பதை மட்டும் உள்ளே வளர்க்கட்டும். ஆனால் வெளியே வளர்ப்பவரிடம் பக்கத்து வயலில் என்ன பயிர், என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள். அடுத்தவர் அடித்த பூச்சிமருந்து காற்றில் வந்து நம் சரக்கு பரிசோதனையில் தேறாமல் போகும். நாருக்காக வளர்க்கும் கஞ்சா இனமான நார்ச்சணல் வயல் இருந்தால் மகரந்தம் வந்து பூவெல்லாம் விதையாகிவிடும். இந்தச் செடி மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் எல்லாவற்றையும் உறிஞ்சும், ஆகவே மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் ஒப்பந்தம் போடாதே.

கட்டடம் முடிவாகிவிட்டது என்றால், உன் சங்கிலியில் மிகப் பெரிய சப்ளையர் மின்சாரக் கம்பெனிதான். மாசசூசெட்ஸில் பெரிய கூடங்களுக்கு, செடி வளரும் பரப்பில் ஒரு சதுர அடிக்குப் பொதுவாக 36 வாட்டுக்கு மேல் விளக்கு போடக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை உங்கள் கட்டட வரைபடத்தில் போட்டுப் பார். எல்.இ.டி.க்கு மாறுவதானால் விளக்கை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். விளக்கின் சூடு குறைந்தால் ஏ.சி.க்கும் ஈரம் உறிஞ்சிக்கும் கணக்கே மாறும், அந்தப் பொறியாளரையும் சேர்த்து உட்கார வை. ஈரம் உறிஞ்சியில் சொட்டும் தண்ணீரை நாங்கள் வருடக்கணக்காகச் சாக்கடையில் விட்டோம். வடிகட்டி, உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்த்து, திரும்பச் செடிக்கே ஊற்றலாம்.

மண்ணுக்குப் பதில் செடி ஊன்றும் பொருளை வாங்குவதில் உன் பழைய அனுபவம் கைகொடுக்கும். பாறைக்கம்பளி என்று ஒன்று விற்பார்கள். பாறையை உருக்கி நூலாக்கியது, மட்கவே மட்காது. அதற்குத் தென்னைநார்த்தூள் மேல். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டியாக வருகிறது. "இயற்கையானது" என்று ஒட்டியிருக்கும். ஆனால் அதிலுள்ள உப்பை நீக்க நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேள். சாயக்கழிவு பார்த்தவனுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது அந்த டப்பா. இதில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. மட்கும் பை என்று ஒருவர் அழகாக விளக்கினார், நானும் மயங்கி ஒரு பெரிய ஆர்டர் போட்டேன். பை மட்கியதோ இல்லையோ, ஈரத்தை விட்டுவிட்டது. ஆறு வாரத்தில் பூ சருகாகி, கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. அத்தனையையும் அழித்தோம். சில கிலோ பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்கப் போய், மேலே சொன்ன கணக்கில் டன் கணக்காகக் காற்றில் விட்டதுதான் மிச்சம். அன்றிலிருந்து என் முதல் கேள்வி, பொருளை எத்தனை மாதம் காப்பாற்றும் என்பதுதான். மட்குமா என்பது அதற்குப் பிறகு. அதிலும், தொழிற்சாலை உரக்கூடத்தில் 60 டிகிரி பக்கத்தில் சூடு இருந்தால்தான் மட்கும் வகைகளே அதிகம். உங்கள் ஊர்க் குப்பை அங்கே போகிறதா என்று முதலில் பார்.

குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்பதால் டப்பா பருமனாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? 42 முதல் 51 மாத வயதுக் குழந்தைகளிடம் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். பிறகு திறந்து காட்டி, பல்லாலும் கடிக்கலாம் என்று சொல்லி, இன்னொரு ஐந்து நிமிடம். நூற்றுக்கு எண்பது பேர் தோற்க வேண்டும். 50 முதல் 70 வயதுக்காரர்களிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேராவது திறந்தாக வேண்டும். (நம்மை அந்தச் சோதனையில் உட்கார வைத்தால் கம்பெனி தோற்கும்.) ஆகவே விதியோடு மல்லுக்கட்டாதே. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் மூடியும் உடலும், கருப்பு நிறம் வேண்டாம். மறுசுழற்சி ஆலையின் அகச்சிவப்புக் கண்ணுக்குக் கருப்புப் பிளாஸ்டிக் தெரிவதில்லை. ரொம்பச் சின்ன டப்பாவும் சல்லடையில் விழுந்துவிடும். "சணல் பிளாஸ்டிக்" என்று யாராவது வந்தால் எத்தனை சதவீதம் நார் என்று கேள். பெரும்பாலும் சாதாரணப் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் நார் கலந்திருப்பார்கள், பிறகு அது எதிலும் சேராது. சாக்குப்பைச் சணல் வேறு, இந்தச் சணல் வேறு என்பதையும் முதலாளிக்குச் சொல்லிவிடு. நம் மொழி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக் குழப்பிவிட்டது.

கழிவைப் பற்றி ஒரு வரி. அமெரிக்காவின் சில மாநிலங்களில், தண்டையும் இலையையும் வேறு குப்பையோடு பாதிக்குப் பாதி கலந்து அடையாளம் தெரியாமல் ஆக்கினால்தான் வெளியே விடலாம். மட்கும் குப்பையோடு கலந்தால் உரம். கண்டதோடு கலந்தால் இரண்டு மடங்கு குப்பை.

சப்ளையர்களுக்கு ஐம்பது பக்கக் கேள்வித்தாள் அனுப்பிவிடாதே. ஆடைத் தொழிலில் தணிக்கைக்கு முந்தின இரவு நாம் எப்படி நிரப்பினோம் என்று உனக்குத் தெரியும். ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை சதவீதச் சரக்கு பரிசோதனையில் கழிந்தது என்ற மூன்று எண்கள் போதும், ரசீதோடு.

உங்கள் கூடத்தின் 12 மாத மின்கட்டண ரசீதையும் தரை வரைபடத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பு. எழுத்து எத்தனை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போது படித்துவிடுவேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல். என்ன மூலிகை என்று என்னிடம் கேட்டால் மட்டும் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்