ரீல்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலும் சுற்றுவட்டாரத்திலும் விசைத்தறியில் நெய்யப்படும் சேலைகள் இன்று கடை அலமாரிக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் விலைபோகின்றன. உற்பத்தியாளர் மொத்த வியாபாரிக்குப் படம் அனுப்புகிறார். அவர் தன் குழுவில் போடுகிறார். அங்கிருந்து படத்தை எடுத்து, தங்கள் லாபத்தைச் சேர்த்து, வீட்டிலிருக்கும் பெண்களும் கல்லூரி மாணவர்களும் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறார்கள். 'முதலீடே வேண்டாம், போன் இருந்தால் போதும்' என்று மகளிர் குழுப் பயிற்சிகளிலும் கல்லூரிகளின் தொழில்முனைவோர் வகுப்புகளிலும் ஆர்வமூட்டுகிறார்கள். ஆர்வமூட்டுவது நல்லதுதான். ஆனால் அந்த வகுப்புகள் பெரும்பாலும் கணக்குத் தொடங்குவது, ரீல்ஸ் எடுப்பது, ஹேஷ்டேக் போடுவது ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. ஆர்டர் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. புதிதாக வருபவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது அந்த இடத்தில்தான்.

முதல் சிக்கல் நிறம். திரும்பி வரும் சேலைகளில் பெரும்பாலானவை 'போட்டோவில் பார்த்த கலர் இல்லை' என்ற புகாரோடுதான் வருகின்றன. விற்றவர் ஏமாற்றியிருக்க மாட்டார், கேமராதான் ஏமாற்றியிருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் படமெடுத்தால், அந்த ஒளியின் சாயலைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு போன் தானாகவே நிறத்தை மாற்றிவிடும். வாடாமல்லி ரோஸ் ஆகும், கத்தரிப்பூ நீலமாகும், அரக்கு சிவப்பாகும். பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்குவாட்டு நூல்) ஒரு நிறம் என்று நெய்த சேலைகள் இன்னும் மோசம். மயில்கழுத்து நிறத்தை எந்த ஒற்றைப் படத்திலும் பிடிக்க முடியாது. துணியை அசைத்தால்தான் இரண்டு நிறமும் மாறி மாறித் தெரியும். அதற்குப் பத்து விநாடி வீடியோதான் வழி.

காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குள், நேர் வெயில் படாத திண்ணையிலோ வாசல் நிழலிலோ எடுக்க வேண்டும். சேலையின் ஓரமாக ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டால், படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிகிறதா, மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிகிறதா என்று பார்த்தே நிறம் சரியா என்று சொல்லிவிடலாம். ஃபில்டர் கூடவே கூடாது. உடல், கரை, முந்தி, பிளவுஸ் துணி நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும் என்பதால் ஹெச்டி தரத்தில் அனுப்ப வேண்டும். படத்தின் கீழே நீளத்தை எழுத வேண்டும். பிளவுஸோடு சேர்த்து 6.2 மீட்டர் அளவில் வரும் சேலையையும் பிளவுஸ் இல்லாத 5.5 மீட்டர் சேலையையும் மடித்து வைத்த படத்தில் பிரித்தறிய முடியாது.

நூல் எது என்பதையும் எழுத வேண்டும். 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் பாலியஸ்டர் விற்கப்படுகிறது, விசைத்தறிச் சேலை 'கைத்தறி' ஆகிவிடுகிறது. முந்தியிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நின்றுவிடும். இதை வாங்குபவரே வீட்டில் செய்து பார்க்க முடியும். அப்படிப் பார்த்து ஏமாந்தது தெரிந்தவர் அடுத்து எந்தக் காலத்திலும் நம்மிடம் ஆர்டர் போடமாட்டார்.

அடுத்தது கூரியர் கணக்கு. கூரியர் நிறுவனங்கள் பொதுவாக 500 கிராம் படிகளாகக் கட்டணம் போடுகின்றன. 450 கிராம் எடையுள்ள சேலையைப் பாலித்தீன் உறையில் இட்டு, மெல்லிய கூரியர் கவரில் போட்டால் 500 கிராமுக்குள் அடங்கிவிடும். அழகுக்காக அட்டைப் பெட்டியில் போட்டால் அடுத்த படிக்குத் தாவிவிடும். அதோடு விடுவதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் கன அளவு எடையையும் பெரும்பாலான நிறுவனங்கள் பார்க்கின்றன. 30, 25, 8 என்ற அளவுள்ள பெட்டி, உள்ளே என்ன இருந்தாலும், 1.2 கிலோ ஆகிவிடும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 ரூபாய்க்கு வாங்கிய சேலையை 'கூரியர் இலவசம்' என்று 750 ரூபாய்க்கு விற்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் படிக்குக் கூரியர் 60, கவரும் டேப்பும் 10 என்றால் கையில் நிற்பது 80 ரூபாய். அடுத்த படிக்குப் போய்க் கூரியர் 90 ஆனால் மிஞ்சுவது 50. இந்தச் சேலை திரும்பி வந்து, போகவர இரண்டு பக்கக் கட்டணமும் விற்றவர் தலையில் விழுந்தால் நஷ்டம் 190. ஒரு சேலை திரும்பினால் கிட்டத்தட்ட நான்கு சேலையின் லாபம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பணம் தரும் முறையில், வாங்குபவர் கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பும் பார்சல்களும் உண்டு. இப்படி வாங்கி விற்கும் ரீசெல்லிங்கில் நிறையப் பேர் மாதக்கணக்கில் ஓடியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று விட்டுவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இதை எட்டாம் வகுப்பு லாப நட்டப் பாடத்தை வைத்தே சொல்லித்தந்துவிடலாம்.

அனுப்பும் முன் சேலையை முழுவதும் பிரித்து, இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அதையே வீடியோவாக எடுத்து, முகவரிச் சீட்டு தெரியும்படி உறையை ஒட்டி முடிக்கும்வரை நிறுத்தாமல் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவரிடம் மட்டும் 'பிரிக்கும் வீடியோ கட்டாயம்' என்று கேட்டுவிட்டு, அனுப்புபவர் எந்த ஆதாரமும் வைத்துக்கொள்ளாதது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

பணம் வாங்கும் இடத்தில் ஒரே ஒரு விதிதான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பக் கூடாது. உண்மையான யுபிஐ செயலியைப் போலவே பச்சை டிக்கும் ஓசையும் காட்டும் போலிச் செயலிகள் நடமாடுகின்றன. வங்கிச் செயலியைத் திறந்து வரவில் தொகையும் 12 இலக்கக் குறிப்பு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பார்சலைத் தொட வேண்டும். குறுஞ்செய்தியும் போதாது, அதையும் போலியாக அனுப்புகிறார்கள். '750க்குப் பதில் 7,500 போட்டுவிட்டேன், மீதியை அனுப்புங்கள்' என்று பதற்றமாக வரும் அழைப்புக்கும் இதே மருந்துதான். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போடவோ கியூஆர் குறியை ஸ்கேன் செய்யவோ தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

இவற்றைவிடக் கொடுமையானதும் அதிகம் பேசப்படாததும் வங்கிக் கணக்கு முடக்கம். எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவர் இணைய மோசடியில் பணத்தை இழந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்கிறார். போன பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குக் கைமாறியது என்று போலீசாரும் வங்கிகளும் தொடர்ந்து போகிறார்கள். மோசடிக்காரன் அந்தப் பணத்தில் இரண்டு சேலை வாங்கியிருந்தால், சேலை விற்றவரின் கணக்கும் அந்த வரிசையில் வந்துவிடும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் நின்றுபோகலாம். குடும்பச் செலவும் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் அந்த ஒரே கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு முன்னெச்சரிக்கை எளிது. வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு வைத்து, வாரம் ஒருமுறை லாபத்தை வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் பில், வாங்கியவருடன் நடந்த உரையாடல், கூரியர் ரசீது மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். பணம் அனுப்பிய பெயரும் பார்சல் முகவரியில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முடங்கிவிட்டால் வங்கிக் கிளையில் வாதாடிப் பயனில்லை. புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்ற விவரத்தை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கி, அந்தக் காவல் நிலைய அதிகாரிக்கு ஆதாரங்களை மின்னஞ்சலில் அனுப்பி, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோர வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றம். 'இனி வேறு ஒருவர் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன்' என்று இறங்குவதுதான் பெரிய தவறு. அடுத்து அவர் கணக்கும் சிக்கும், சந்தேகமும் வலுக்கும்.

வரியைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று யூடியூபில் பலரும் சொல்கிறார்கள். அது மாநிலத்துக்குள் விற்பவருக்கு. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு தேவை. நிபந்தனைகளோடு கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, விசைத்தறிச் சேலைக்கு அதைக் காட்ட முடியாது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்புவதும், ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்புவதும் இந்தக் கணக்கில் வெளிமாநிலமே. பதிவு எண் இல்லாத சிறு விற்பனையாளர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்று, வாடிக்கையாளர் பட்டியல். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் பின்தொடர்வோர் ஒரே இரவில் இல்லாமல் போனார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தாற்போல் பல மணி நேரம் நின்றன. அதற்குப் பிறகும் பெரும்பாலான சிறு வியாபாரிகளின் மொத்த வியாபாரமும் ஒரே செயலியில், ஒரே எண்ணில்தான் இருக்கிறது. அந்த எண் மாமனார் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். சிம் தொலைந்தால் அவர் வந்தால்தான் ஆயிற்று. ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடும். எண்ணை வியாபாரம் செய்பவர் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை இன்றே வைக்க வேண்டும். வாங்கியவரின் பெயர், எண், ஊர், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பார்சலுக்குள் வைக்கும் துண்டுச்சீட்டில் 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி அச்சிடுவது பல விளம்பரங்களைவிடப் பயன் தரும். ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லும் போலி வாட்ஸ்அப் செயலிகளை நிறுவினால் எண்ணே தடை செய்யப்படலாம்.

நாங்கள் கேட்பது புதிய திட்டம் அல்ல. மகளிர் குழுப் பயிற்சியிலும், கலை அறிவியல் கல்லூரிகளின் வணிகவியல் வகுப்புகளிலும், நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் பயிற்சிகளிலும் இருக்கும் நேரத்திலேயே இதைச் சேர்க்கலாம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு உண்மையான பொருளைப் படமெடுத்து, எடைபோட்டு, விலை வைத்து, விற்று, பில் போட்டு, கூரியரில் அனுப்பி, ஒரு பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தருவதுவரை செய்து பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை ரீல்ஸுக்கு எத்தனை லைக் வந்தது என்று பார்த்துத் தராமல், அந்த ஒரு விற்பனையின் வரவு செலவுத் தாளைப் பார்த்துத் தர வேண்டும். பாடம் எடுப்பவர்களில் ஒருவராவது தினமும் பார்சல் கட்டுபவராக இருக்க வேண்டும். கணக்கு முடக்கம் பற்றிய ஒரு மணி நேரத்துக்கு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலிருந்து ஒருவரை அழைக்கலாம். ஜிஎஸ்டி விதிகளையும் முடக்கத்தை நீக்கக் கோரும் மனுவின் மாதிரியையும் எளிய தமிழில் நான்கு பக்கங்களில் அச்சிட்டு, மாவட்டத் தொழில் மையங்களில் கிடைக்கச் செய்ய வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
இணைய வழிச் சேலை வியாபாரம் செய்வோர் சிலர்,
சேலம் மாவட்டம்.