அடிலெய்டுல இருக்கற தம்பிக்கு, நம்ம தாம்சன் ரோடு ரேஸ் பத்தி

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதறது.

நீ அனுப்பின வீடியோ பாத்தேன். விக்டோரியா பார்க்ல பழைய கார் ரேஸ் டிராக் மேலயே சைக்கிள் ஓட்டிக்கிட்டு, ஊருக்கு நடுவுல எப்படிம்மா ரேஸ் விட்டாங்க, இந்த ஊர்க்காரங்களுக்குப் பைத்தியமான்னு கேக்கற. வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீளமா போவுது, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. உங்க ஊர்லயாச்சும் 1985ல இருந்து 1995 வரைக்கும் சுவரு கட்டி வேலி போட்டு எஃப் ஒன் (ஃபார்முலா ஒன்) கார் ரேஸ் ஓட்டினாங்க. இங்க நம்ம சிங்கப்பூர்ல, அதுவும் நாங்க இருந்த நீசூனுக்குப் பக்கத்துலயே, சுவரும் இல்ல பெருசா வேலியும் இல்ல, பஸ் போற ரோட்டை மூடிட்டு 1961லயே ஆரம்பிச்சுட்டாங்க. இதுல இன்னொரு கூத்து, அதுல வந்து ஜெயிச்சவங்கள்ல ரெண்டு பேரு உங்க பக்கத்து ஆளுங்க. அதுக்குக் கடைசில வரேன்.

அப்பர் தாம்சன் ரோடும் ஓல்டு அப்பர் தாம்சன் ரோடும் உனக்குத் தெரியும்ல, ரெண்டும் ரெண்டு முனையிலயும் சேர்ந்துக்கும், சேத்து ஒரு சுத்து சுத்தினா கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். ஒரு பக்கம் நேர் ரோடு, தாம்சன் மைல்னு சொல்லுவாங்க, அங்க கார் உயிரைக் கொடுத்து ஓடும். நடுவுல ஹம்ப்னு ஒரு மேடு இருக்கும், வேகமா வர்ற கார் அங்க தரைய விட்டு எழும்பி எழும்பி விழும். அப்புறம் செம்பவாங் சர்க்கஸ்ங்கற ரவுண்டபவுட் கிட்ட சட்டுனு திருப்பி ஓல்டு ரோட்டுக்குள்ள நுழையும். அது காட்டுக்குள்ள போற வளைஞ்ச ரோடு, ஸ்னேக்ஸ்னு நாலு வளைவு தொடர்ந்து, அதுக்கப்புறம் டெவில்ஸ் பெண்ட், இன்னும் ரெண்டு மூணு வளைவு, மறுபடி நேர் ரோடு. ரோட்டோரமா லாம்புப் போஸ்ட், பஸ் ஸ்டாப்பு, ஆள் இறங்குற ஆழத்துக்கு லொங்காங் (சாக்கடைக் கால்வாய்), எல்லாம் அப்படி அப்படியே இருக்கும். தினம் பஸ்ஸும் லாரியும் போற ரோடு, அதுங்க சிந்தின எண்ணெய் மேலதான் ரேஸ் காரும் போகணும். மழை வந்துச்சுன்னா கேக்கவே வேணாம், 1964ல மழையால ரேஸை பாதியிலயே நிறுத்திட்டாங்க.

முதல் வருஷம் டூரிஸ்டுங்கள வரவழைக்கத்தான் நடத்தினாங்க, ஓரியன்ட் இயர் கிராண்ட் பிரீன்னு பேரு, இயன் பார்ன்வெல்னு ஒருத்தர் ஆஸ்டன் மார்ட்டின்ல ஜெயிச்சார். அடுத்த வருஷத்துல இருந்து மலேசியன் கிராண்ட் பிரீ. நாடு தனியாப் பிரிஞ்ச மறு வருஷம், 1966ல, சிங்கப்பூர் கிராண்ட் பிரீன்னு பேரை மாத்தினாங்க, அந்த வருஷம் ஜெயிச்சது நம்ம ஊர்க்காரரு லீ ஹான் செங், லோட்டஸ் கார்ல. 1967ல ரோட்னி சியோ, அவரும் நம்ம ஊருதான். அதோட சரி, அதுக்கப்புறம் எல்லாமே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து.

உன் பெரிய மாமாவுக்கு கிரேம் லாரன்ஸ்னா உயிரு. நியூசிலாந்துக்காரரு, 1969ல மெக்லாரன், 1970ல ஃபெராரி, 1971ல பிராபாம்னு மூணு வருஷம் மூணு விதமான கார்ல வந்து மூணு தடவையும் ஜெயிச்சுட்டுப் போனாரு. அந்த சிவப்பு ஃபெராரி முந்தின வருஷம் பேர் போன ரேஸர் கிறிஸ் ஏமன் ஓட்டினதுன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சுச்சு, ஏதோ இதுவே வித்துக் கொடுத்த மாதிரி.

நாங்க டிக்கெட் எல்லாம் வாங்கினதா ஞாபகமே இல்ல. ரேஸ் ஈஸ்டர் சமயத்துல வரும், ஸ்கூல் லீவு, அண்ணனுங்க முன்னாடி போக நானும் பின்னாடியே கம்பத்து (கிராமத்து) வழியா ரப்பர் மரங்களுக்கு நடுவுல நடந்தே போயிடுவோம். சில வருஷம் பங்குனி உத்திரமும் அதே வாரத்துல வந்து நிக்கும், ஆயா நேவல் பேஸ் முருகன் கோயிலுக்கு வாடின்னு கூப்பிடும், நான் ரேஸுக்குப் போகணும்னு அழுவேன், காலைல கோயில், மத்தியானம் ரேஸுன்னு பேரம் பேசித்தான் விடும். அதுவும் ஒரு கண்டிஷனோட, கார் மெதுவா போற இடத்துலதான் நிக்கணும். அது தெரியாம சொல்லுச்சோ தெரிஞ்சு சொல்லுச்சோ, ரேஸ் பாக்க அதுதான் நல்ல இடம். நேர் ரோட்டுல நின்னா சர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், என்ன கலர் கார்னு கூட தெரியாது. வளைவு பக்கம் நின்னா கியர் மாத்தறது கேக்கும், டயர் வழுக்கறது தெரியும், ஓட்டறவரோட கை ஸ்டீயரிங்ல என்ன பாடு படுதுன்னு பாக்கலாம். எங்களுக்கும் காருக்கும் நடுவுல ஒரு லொங்காங், ஒரு கயிறு, அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிள் ரேஸ் வந்தா ஒரு வாசனை வரும் பாரு. விளக்கெண்ணெய். நிஜமாத்தான் சொல்றேன், அப்ப ரேஸ் பைக்குக்கு விளக்கெண்ணெயில செஞ்ச ஆயில்தான் ஊத்துவாங்களாம். வயித்தைக் கழுவ மாசா மாசம் ஆயா மூக்கைப் புடிச்சு ஊத்தற அதே வாசனை ரோடு முழுக்க அடிக்கும், எனக்கு ஒரு பக்கம் குமட்டும், ஆனாலும் நகர மாட்டேன். கச்சாங் பூத்தேக்காரர், அதான் வறுத்த கடலை விக்கறவரு, தட்டைத் தூக்கிக்கிட்டு கூட்டத்துக்குள்ள வருவார், அஞ்சு காசுக்கு வாங்கி மூணு பேரும் சண்டை போட்டுக்கிட்டு திம்போம்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம். மாமா இன்னைக்கும் அந்த ரேஸை நிறுத்தினது அநியாயம்னு சொல்லும். இப்ப மெரினா பேல ராத்திரில விடற எஃப் ஒன் ரேஸ் எல்லாம் லைட்டு போட்ட சர்க்கஸாம், தாம்சன்ல ஓட்டினவன்தான் ஆம்பளையாம். எனக்கு அந்தப் பேச்சே புடிக்காது. நீயும் மாமா கிட்ட பேசினா அதையேதான் சொல்லும், அதனால என் பக்கத்தையும் கேட்டு வச்சுக்க. 1961ல வந்தது ஸ்போர்ட்ஸ் காரு, 1962ல யோங் நாம் கீ ஜெயிச்சது ஜாகுவார் ஈ டைப்ல, அதாவது காசு இருக்கறவங்க கடையில வாங்கி ரோட்டுல ஓட்டற காரு. 1973ல வந்தது ஒத்தை ஆள் உக்கார்ற ரேஸ் காரு, பின்னாடி ரெக்கை, அகலமான டயரு, ஒரு சுத்து ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடும். காரு அவ்வளவு மாறிடுச்சு, ரோடு மாறவே இல்ல. அதே லாம்புப் போஸ்ட், அதே லொங்காங். 1972ல லயனல் சான்னு நம்ம ஊர் ரேஸர் அடிபட்டு செத்துட்டாரு. மறு வருஷம் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர். அந்த ரேஸ் முடிஞ்சு ஸ்கூலுக்குப் போனா யாரும் ஜெயிச்சவரைப் பத்திப் பேசல.

அதோட அரசாங்கம் நிறுத்திடுச்சு, 1974ல ரேஸ் கிடையாது. ரோட்டை மூடினா ஜனங்களுக்குத் தொல்லைன்னாங்க, பையனுங்க இதைப் பாத்துட்டு சும்மா இருக்கற ரோட்டுலயும் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டறானுங்கன்னாங்க. பொய்யில்லையே, ரேஸ் முடிஞ்ச வாரம் நீசூன்ல ஸ்கூட்டர் சத்தம் தாங்காது, அதுல ஒரு ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போனது உன் மாமாதான். தாத்தாவுக்கு பஸ்ஸை சுத்தி விடறதால வேலைக்குப் போக லேட்டாவுதுன்னு கோவம், அதனால அவருக்கும் சந்தோஷம்தான். ரசிச்சுப் பாத்த நானே சொல்றேன், அந்த ரோட்டுல அந்த காரை அதுக்கு மேல ஓட்ட விட்டிருக்கக் கூடாது. 2008ல மெரினா பேல ராத்திரி ரேஸ் வந்தப்ப நீ டிவி முன்னாடி உக்காந்து, அலோன்ஸோ ஜெயிச்சதும் குதிச்சியே, அன்னைக்கு சுவத்துல மோதின பையன் எந்திரிச்சு நடந்து வந்தான். மோதினதே திட்டம் போட்டுத்தான்னு அப்புறம் தெரிஞ்சு அசிங்கமாப் போச்சு, அது வேற கதை. தாம்சன்ல மோதினா அப்படி நடந்து வர முடிஞ்சிருக்காது, அதைத்தான் மாமா கிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்றேன், அது டீயைக் குடிச்சுட்டு பேச்சை மாத்திடும்.

ஓல்டு அப்பர் தாம்சன் ரோடு இப்ப ஒரே லேன்தான். 2019ல தாம்சன் நேச்சர் பார்க் திறந்தப்ப, அரிய வகை குரங்கு ஒண்ணு அங்க இருக்குன்னு, அது ரோட்டைத் தாண்ட மேலாக கயிறு கட்டி விட்டிருக்காங்க. உள்ள போனா பழைய ஹைனான் கம்பத்து வீட்டு அடித்தளமெல்லாம் கிடக்கும். நீ போன தடவை வந்தப்ப ஓடப் போனியே, டெவில்ஸ் பெண்ட்ல வளைஞ்சுதான் போயிருப்ப.

இப்ப உங்க ஊர்க்காரங்க. 1968ல ஜெயிச்சவரு கேரி கூப்பர், எல்ஃபின் 600ன்னு அவரே கட்டின காரு, கட்டின இடம் உங்க அடிலெய்டு, எட்வர்ட்ஸ்டவுன். அந்த மாடல் காரோட முதல் ரேஸே நம்ம தாம்சன் ரோடுதான். கடைசி வருஷம் 1973ல ஜெயிச்சது வெர்ன் ஷுப்பான், மார்ச் கார்ல, அவரும் சவுத் ஆஸ்திரேலியாதான், பின்னாடி 1983ல லெ மான் 24 மணி நேர ரேஸையே ஜெயிச்சாரு. பேர்ட்வுட்ல ஒரு மோட்டார் மியூசியம் இருக்குல்ல, லீவு நாள்ல மருமகளையும் கூட்டிக்கிட்டு போய்ப் பாரு, எல்ஃபின் கார் ஏதாச்சும் நின்னா நல்லா கிட்ட போய் போட்டோ எடுத்து அனுப்பு, மாமா கிட்ட காட்டணும். எனக்கு அனுப்பு, மாமாவுக்கு நேரா அனுப்பிடாத, அப்புறம் நான் சொன்னதையெல்லாம் அதுவே கண்டுபுடிச்ச மாதிரி எனக்கே திருப்பிச் சொல்லும்.

மசாலாத்தூள் அரைச்சு வச்சிருக்கேன், உங்க ஊர் ஏர்போர்ட்ல விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு.

அன்புடன்,
அம்மா