புரட்டாதிக் குருவிகள்

ரொறன்ரோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் பூசாமல் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்கே இலைகள் இன்னும் பச்சைதான். ஆனால் விடியப்புறம் குளிரத் தொடங்கிவிட்டது. இரவு வேலை முடிந்ததும் ஒன்ராறியோ ஏரிக்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். வடக்கிலிருந்து காற்று அடித்த இரவென்றால், காலையில் கரையோரப் பற்றையெல்லாம் குருவிகள். வடக்குக் காடுகளில் குஞ்சு பொரித்து, பூச்சி புழு அற்றுப்போக முன்னம் தெற்கே புறப்பட்டவை. இரவில்தான் பறக்கும். நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பிடிக்குமாம். விடிந்ததும் இறங்கி இரை தேடும்.

நேற்று ஒன்றை வடிவாகப் பார்த்தேன். பிளாக்போல் வார்ப்ளர் என்ற சின்னப் பூச்சி தின்னும் குருவி. மங்கிய பச்சை முதுகில் கரும் கோடுகள், பாதம் மட்டும் நல்ல மஞ்சள். வில்லோ மரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் நின்று, இலைக்கு அடியில் எட்டி ஒரு புழுவை இழுத்தெடுத்தது. நான் நிற்பதையே கவனிக்கவில்லை, அவ்வளவு பசி. 12 கிராம் அளவுதான் இருக்கும். இது கிழக்குக் கரைக்குப் போய், உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு, அத்திலாந்திக் கடலுக்கு மேலே இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்காமல் பறக்கும். முதுகில் சின்னக் கருவி பொருத்தி அனுப்பி, 2015இல் அதை உறுதிப்படுத்தினார்கள். கரீபியன் தீவுகள் வரை ஏறக்குறைய 2,500 கிலோமீற்றர், அப்புறம் தென் அமெரிக்கா.

நகரத்துக்குள் இறங்குபவைதான் பாவம். இரவு வெளிச்சத்தில் இழுபட்டு வந்து, கண்ணாடியில் தெரியும் மரத்தை உண்மை மரமென்று நம்பி மோதிச் சாகின்றன. 1993 முதல் தொண்டர்கள் விடியற்காலையில் கட்டடங்களைச் சுற்றி நடந்து, உயிரோடு கிடப்பவற்றை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்த உயிர் ஒரு யன்னலில் முடிவதை என்னால் தாங்க முடியவில்லை அப்பா.

எங்கள் ஆறுமணிக்குருவியும் இப்படி இரவில் பறந்துதான் வருகிறது. இந்தியாவில், இமயமலை அடிவாரம் வரையுள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி மட்டில் கடல் தாண்டி வன்னிக்கு வரும். வந்த புதிதில் களைத்துப்போய் விறாந்தைக்குள்ளேயே வந்து நிற்கும். நிலத்தில் சருகைக் கிளறித்தான் அதன் சாப்பாடு. கிணற்றடிக்குப் பின்னாலுள்ள பற்றையை வெட்டித் துப்புரவாக்கப் போவதாகத் தம்பி சொன்னான். அது திரும்பிப் போகும் சித்திரை வரைக்கும் விட்டுவையுங்கள். பாம்புக்குப் பயமென்றால் கிணற்றோரத்தை மட்டும் செதுக்கினால் போதும். சருகைக் கொளுத்தவே வேண்டாம். வெட்டுவதற்கு ஆளுக்குப் பேசிய கூலியை நானே தருகிறேன், அவருக்கு வேலை இல்லாமல் போக வேண்டாம், வேலி அடைக்கச் சொல்லுங்கள்.

குருவி கத்தத் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வைத்துச் சொல்லுங்கள். முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? பெரும்போக விதைப்புக்குக் காசு எப்போது தேவை என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்
மகள்