தூர்வாரும் முன் கண்மாயை அளக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கண்மாய் தூர்வாரும் பேச்சு வந்தாலே எத்தனை லாரி மண் என்றுதான் கேட்கிறார்கள். உள்வாயில் எந்த இடத்தில் எவ்வளவு வண்டல் கிடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. 100 ஏக்கர் கண்மாயில் சராசரி ஆழம் 10 செ.மீ. பிசகினால், கொள்ளளவில் சுமார் 14 லட்சம் கன அடி பிசகும்.

தெளிந்த கடலில் செயற்கைக்கோள் படத்தின் நிறத்தை வைத்தே ஆழம் கணிக்கலாம். பச்சை ஒளியைவிட நீல ஒளி ஆழமாக இறங்கும். இரண்டும் திரும்பி வரும் விகிதத்தை, படகில் சோனார் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) வைத்து அளந்த புள்ளிகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இதை மதுரையின் வண்டியூர் கண்மாய்க்கோ மாடக்குளம் கண்மாய்க்கோ அப்படியே கொண்டுவரக் கூடாது. கலங்கல் தண்ணீரில் தரை தெரியாது. ஆனாலும் கணினி ஏதோ ஓர் ஆழத்தைச் சொல்லிவிடும். ஆபத்தே அதுதான்.

கண்மாய்க்குப் பொருந்துவது நீர் விளிம்பு முறை. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தை தொடங்கித் தண்ணீர் வற்ற வற்ற விளிம்பு உள்ளே நகரும். படம் எடுத்த அதே நாளில் மடையருகே நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், அந்த விளிம்பே ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடாகிவிடும். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் மட்டும் படத்தில் நிலம்போலத் தெரியும். அங்கே ஆள் இறங்கித்தான் அளக்க வேண்டும்.

வற்றாத பள்ளத்துக்கு எக்கோ சவுண்டர், அதாவது ஒலி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் சோனார் வகைக் கருவி. கடலுக்கு வைத்த நொடிக்கு 1,540 மீட்டர் ஒலிவேகத்தை மாற்றாமல் இறக்கினால், 28 டிகிரி நன்னீரில் (வேகம் சுமார் 1,505) 3 மீட்டர் ஆழத்தை 7 செ.மீ. கூட்டிக் காட்டும். இரும்புத் தட்டைச் சங்கிலியில் கட்டி 1, 2, 3 மீட்டரில் உணரிக்கு (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) நேர் கீழே இறக்கி, வேலைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டும். உணரி தண்ணீரில் மூழ்கியிருக்கும் அளவைக் கூட்ட மறப்பதும் அடிக்கடி நடக்கிறது.

200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சகதியின் மேற்பரப்பிலேயே திரும்பும். 30 கிலோஹெர்ட்ஸ் அளவுள்ள ஒலி சகதிக்குள் இறங்கும். இரண்டு ஆழங்களின் வித்தியாசம் சகதியின் கனத்தைக் காட்டும். அழுகிய செடி கிடக்கும் இடத்தில் வாயுக் குமிழிகள் அந்த ஒலியையும் தடுத்துவிடும். அங்கே கெட்டித்தரை தட்டும்வரை கம்பை ஊன்றிப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது.

தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குவதால், எல்லா அளவுகளையும் கலுங்கின் (மிகுநீர் வழியும் இடம்) மட்டத்தோடு இணைத்தே எழுத வேண்டும். தூர்வாரிய பிறகும் அதே கோடுகளில் மறுபடி அளந்து, இரண்டு வரைபடங்களையும் கரையில் பலகையாக வைக்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும். அதற்குப் பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் தர வேண்டும்.

இப்படிக்கு,
நீர்நிலை அளவைப் பணியில் இருப்போர்,
மதுரை